விதை மட்டுமல்ல, நிலமும் பார்க்க வேண்டும்

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவரின் பண்ணை வானொலிப் பேச்சு)



உரம், விதை என்று பேசுகிறவன் இன்று சிறுநீரகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. சென்ற கோடையில் ஒரு கடலைக் காட்டில் விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், எங்க அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. பெரியப்பாவும் அதுலதான் செத்தாரு. அடுத்தது நான்தானா?"

டாக்டரிடம் விவரம் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெற்றோரிடமிருந்து நேராக வரும் சிறுநீரக நோய்களும் உண்டு. நீர்க்கட்டி நோய் அப்படிப்பட்டது. அதில் சிறுநீரகம் முழுக்கச் சிறு சிறு கட்டிகள் பெருகும். பெரியவர்களிடம் அதிகம் காணும் வகையில், தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பித்தான் என்று கணக்குப் போடக் கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்புமே. இவை வரும் தன்மை குடும்பத்தில் தொடரும். வந்தே தீரும் என்ற விதி இல்லை. வந்தாலும் கட்டுக்குள் வைத்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரே குடும்பத்தில் பலருக்கு நோய் வந்தால், ரத்தம் மட்டுமா ஒன்று? குடிக்கும் கிணறு ஒன்று, உழைக்கும் வெயில் ஒன்று, வலிக்குப் போடும் மாத்திரையும் ஒன்று. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அநுராதபுரம் பக்கத்திலும், சர்க்கரையோ கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்கே சிறுநீரகம் கெடுகிறது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிற வாலிபர்களுக்கும் இதே கதி. கடும் வெயிலில் உடல் வற்றிப் போவது, நிலத்தடி நீர், பூச்சி மருந்து என்று பலவற்றையும் ஆராய்கிறார்கள்; இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியவில்லை. நிகராகுவாவில் கரும்புத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

அந்த மூன்றும் நம் கையில் இருக்கிறது. வெயிலுக்கு முன் வேலையை முடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீரோ மோரோ குடியுங்கள். நடுநடுவே நிழலில் உட்காருங்கள். மருந்து தெளிக்கும்போது கையுறையும் முகமூடியும் போடுங்கள். கை கழுவாமல் சோற்றைத் தொடாதீர்கள். இடுப்பு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்கு நேர் எதிரி. புகையிலையையும் விடுங்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தண்ணீர், இளநீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முகம் வீங்கிய பிறகு போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை வெளியில் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு" என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய உதவி.

கடலைக் காட்டு விவசாயியும் போனார். கொதிப்பு அதிகம், சிறுநீரில் லேசாகப் புரதம் இறங்கியிருந்தது. மாத்திரை சாப்பிடுகிறார். தம்பியையும் தங்கையையும் அவரே பரிசோதனைக்கு அழைத்துப் போனார். போன வாரம் பார்த்தபோது வரப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. "அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமப் போச்சு சார்" என்றார்.

உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது.