கோப்பில் நின்ற இடம் அறிதல்

நூலொன்றைப் படிப்பவர் இடையில் எழ நேரின், நிறுத்திய பக்கத்தில் ஒரு குறி வைத்துச் செல்வர். அக்குறி மீண்டும் அவ்விடத்தை அடைதற்கு உதவும். படித்த எழுத்துக்கள் எத்தனை என்பதைக் கூறாது. கணினிக் கோப்பைப் படிக்குஞ் செய்நிரலுக்கும் இத்தகைய குறி வேண்டும். டெனிஸ் றிச்சி 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய சீ மொழியில் அதனைத் தருவது ‘எப்ரெல்’ என்னுஞ் சார்பாகும்.

சீ மொழியிலே கோப்பினின்றும் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவருதலின், அவ்வழியைத் தாரை எனலாம். ஒவ்வோர் எழுத்தைப் படிக்கும்போதும் தாரையின் நிலை முன்னேறும். அந்நிலையை ‘எப்ரெல்’ ஓர் எண்ணாகத் தரும். அவ்வெண்ணை ‘எப்சீக்’ என்னுஞ் சார்புக்குக் கொடுப்பின் பழைய இடத்துக்கு மீளலாம். நிலையை அறிய இயலாதவிடத்து −1 விடையாக வரும். மற்றொரு செய்நிரலிலிருந்து குழாய்வழி வருந் தாரைக்கு மீளத்தக்க இடம் இல்லையாதலின் அங்கு இவ்விடையே கிடைக்கும். ஆகவே விடையைச் சோதியாது பயன்படுத்தல் தவறு.

இனி, அவ்வெண்ணின் பொருள் யாது? தாரைகள் துவிதத் தாரை, பாடத் தாரை என இருவகைப்படும். துவிதத் தாரையில் அவ்வெண் கோப்பின் தொடக்கத்திலிருந்து கடந்த பைற்றுக்களின் தொகையாகும். அது எழுத்துக்களின் தொகையன்று. யூரிஎப்-8 முறையில் எழுதிய ‘அம்மா’ என்னுஞ் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ ஐந்து குறிகள், குறியொன்றுக்கு மூன்று பைற்றுக்களாக 15 பைற்றுக்கள். எனவே கோப்பின் முதலில் உள்ள அச்சொல்லைப் படித்து முடித்தபின் நிலை 15 ஆகும்.

பாடத் தாரையிலோ அவ்வெண்ணுக்கு எண்ணிக்கைப் பொருள் உண்டென நியமம் உறுதி கூறவில்லை. விண்டோஸ் முறையில் வரியின் இறுதி வட்டில் இரண்டு பைற்றுக்களாக இருக்கும். செய்நிரலுக்கு அது ஒன்றாகவே வந்து சேரும். வரிக்கு 10 ஆங்கில எழுத்துக்களாக 100 மாணவரின் புள்ளிகள் எழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றைப் படித்த செய்நிரல் 1,100 எழுத்துக்களை எண்ணியிருக்கும். வட்டிலே கடந்தவை 1,200 பைற்றுக்கள். தான் எண்ணிய 1,100ஐ நம்பி அவ்விடத்துக்குச் செல்லின், 101ஆம் வரியை அடையாது 92ஆம் வரியின் நடுவே போய் நிற்கும். அங்கே புதிய புள்ளியை எழுதின் வேறொரு மாணவனின் பதிவு சிதையும். கணினி யாதொரு பிழையும் அறிவியாது என்பதே இதிலுள்ள இடர். பாடத் தாரையின் தொடக்கத்திலிருந்து இடம் பெயரும்போது, பூச்சியத்தையோ அக்கோப்பிலேயே ‘எப்ரெல்’ முன்னர்த் தந்த எண்ணையோ மாற்றமின்றிக் கொடுத்தலே நியமத்துக்கு அமைந்த முறையாகும்.

அவ்வெண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 32 பிற்று அளவான நீள்முழுவெண் 2,147,483,647க்கு மேற்பட்ட நிலையைக் கொள்ளாது. இத்தகைய பெருங் கோப்புக்களைக் கருதி 1989இல் வெளிவந்த அமெரிக்க நியமம் ‘எப்கெற்பொஸ்’, ‘எப்செற்பொஸ்’ என்னும் இரு சார்புகளைச் சேர்த்தது. முன்னது நிலையைத் தனிவகைப் பொருளொன்றில் இட்டு வைக்கும்; பின்னது அதனைக் கொண்டு மீளச் செய்யும். அப்பொருளைக் கூட்டவோ கழிக்கவோ நியமம் இடந்தரவில்லை.

குறியைக் குறியாகவே பேணுக, அளவுகோலாக்கற்க. செய்நிரல் எழுதப் பயிலும் மாணவர் முதலில் உளங்கொள்ளத்தக்கது இதுவேயாம்.