நெற்களஞ்சியத்திற் கனமான வாயுக்கள்

விதைநெல்லை அந்தும் வண்டும் அழியாது காத்தற்பொருட்டுக் களஞ்சியங்களிற் புகையூட்டுவதுண்டு. இதற்குப் பயன்படும் அலுமினியம் பொசுபைட்டுக் குளிசைகள், காற்றின் ஈரத்துடன் சேர்ந்து பொசுபீன் என்னும் நச்சுவாயுவை வெளிவிடுகின்றன. 3 கிராம் நிறையுள்ள குளிசை ஏறக்குறைய 1 கிராம் வாயுவைத் தரும். பூச்சியைக் கொல்லும் இவ்வாயு மனிதரையும் கொல்லவல்லது.

கனமான வாயு நிலத்தோடு படிந்து கிடக்குமென்றும், கட்டிலில் உறங்குவோருக்கு அபாயமில்லையென்றும் சிலர் எண்ணுவர். இது பெருந் தவறாகும். பொசுபீன் காற்றிலும் ஏறக்குறைய 1.2 மடங்கே கனமானது. கதவின் கீழிடைவெளி, சுவர் வெடிப்பு, கூரையின் சந்து ஆகியவற்றின் வழியே அது அடுத்த அறையை அடைந்து, அங்குள்ள காற்றுடன் கலந்துவிடும்.

சீனி நீரிலும் கனமானது. கலக்காத தேநீரில் அது அடியிலே தங்கும். கலக்கியபின் கோப்பை முழுவதும் ஒரேயளவாய் இனிக்கும். பின்னர் எவ்வளவு நேரம் வைத்தாலும் சீனி பிரிந்து அடிக்குச் செல்லாது. வாயுவின் தன்மையும் இத்தகையதே. காற்றோட்டமற்ற ஆழ்கிணற்றிலும், ஈரநெல் நிறைந்த மூடிய பெட்டகத்திலும், காற்றிலும் 1.5 மடங்கு கனமான காபனீரொட்சைட்டு அடியில் திரண்டு நிற்கக்கூடும். வீட்டினுள்ளோ மனிதர் நடமாட்டமும் வெப்பமும் காற்றை இடையறாது கலக்குகின்றன. கலந்த வாயுவுக்கு மேல் கீழ் என்ற வேறுபாடில்லை.

ஆதலால், மக்கள் உறங்கும் வீட்டிலோ, அதனோடு ஒட்டிய அறையிலோ இக்குளிசைகளை ஒருபோதும் இடலாகாது. பயிற்சி பெற்றோரே இவற்றைக் கையாளல் வேண்டும். புகையூட்டியபின் எதிரெதிரான கதவு, யன்னல்களை மேலும் கீழுமாகத் திறந்து, வெளிக்காற்றுப் புகச்செய்தல் அவசியம். உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றுவது புதுக்காற்றேயன்றி, அதன் கனமன்று.

வெள்ளைப்பூடு அல்லது அழுகிய மீன் போன்ற மணம் வீசின் உடனே வெளியேறுக. மணமில்லாமை பாதுகாப்பின் அறிகுறியன்று. மணம் புலப்படுமுன்னரே தீங்கு நேரலாம். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டுமேயொழிய நச்சைக் காட்டாது. பொசுபீன் தீப்பற்றவுங் கூடும். தலைவலி, வாந்தி, நெஞ்சிறுக்கம் தோன்றின் அவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. இந்நஞ்சுக்குத் தனியான மாற்றுமருந்து கிடையாது. மயங்கி வீழ்ந்தவரை மீட்கக் காப்புக் கவசமின்றி உட்புகுவோர் தாமும் வீழ்வர்.

விதைநெல்லை நூற்றுக்கு 13 பங்கு ஈரத்துக்கு மேற்படாது உலர்த்தித் தூய கலங்களிற் சேமிக்கும் கமக்காரருக்குப் பூச்சித்தொல்லை பெரிதும் குறையும்; நஞ்சின் தேவையும் அத்துடன் குறையும்.