அணைக்கரை அடுப்பு

பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அடுத்த தடவை போகும்போது அவசரப்படாமல் அணைக்கட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே மீன் வறுபடும் மணம் உங்களை வரவேற்றுவிடும்!

காமராஜ் முதல் மந்திரியாக இருந்தபோது, 1957-இல், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே திறக்கப்பட்ட அணை இது. வயலுக்காகத் தேக்கிய தண்ணீர். மீனையும் வளர்த்தது, மீனை நம்பிப் பல அடுப்புகளையும் எரிய வைத்தது. கட்லா, ரோகு, ஜிலேபி என்று மீனைப் பொறுக்கிக் கொடுத்தால் போதும். கத்தியால் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி, கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுத்து நீட்டுவார்கள். வீட்டில் மீன் வாடையே ஆகாது என்று மூக்கைப் பிடிக்கும் மாமியார்கூட, பேரன் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பார்!

சாப்பிட்டு முடித்தபின் சற்று யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு சின்னக் கடை நடத்த என்னென்ன வேண்டும்? அன்றாடம் எண்ணெய், மீன், அடுப்புக்கு எரிபொருள். எல்லாவற்றுக்கும் கைமுதல் வேண்டும். காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டினால், லாபம் யார் வீட்டுக்குப் போகும்?

இதற்கு விடை தேடிய பூமியும் இதுதான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாக அரசுத் திட்டமாகத் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதில் சேர்ந்திருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான்.

குழுவின் ரகசியம் நமக்குப் புதிதல்ல. அஞ்சறைப் பெட்டியில் நாம் ஒளித்து வைக்கும் சில்லறைதான்! பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடுகிறார்கள். எல்லோரும் ஒரே அளவு சேமிக்கிறார்கள். யாருக்கு அவசரமோ அவருக்குக் குழுவே கடன் தருகிறது. அந்த வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. ஒழுங்காக நடந்தால் பாங்கும் கடன் கொடுக்கிறது. கணக்கு எழுதி, கூட்டம் கூட்டி, வராதவரைத் தேடிப் போகிறவருக்கு ‘ஊக்குநர்’ என்று பெயர். இது சம்பள உத்தியோகம் அல்ல. தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு ஊர் வேலைக்குப் போகும் பெண் அவர்.

ஆனால் பணம் இருந்தால் மட்டும் அடுப்பு எரிந்துவிடுமா? தண்ணீர் வேண்டுமே! 2017 நவம்பரில் அணையின் மதகுக் கதவு ஒன்று உடைந்து, தேக்கிய நீர் வீணாக ஓடியது. பிறகு புதுக் கதவுகள் போட்டார்கள். கதவை மாற்றலாம், ஆற்றில் கலக்கும் அழுக்கை என்ன செய்வது? பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மலைமலையாய் நுரை தள்ளுவதைப் பத்திரிகைப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே ஆறுதான் கீழே கிருஷ்ணகிரி அணைக்கும் வருகிறது.

ஆகவே சகோதரிகளே, அணைக்கரைக்குப் போனால் மீனின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வயிறாரச் சாப்பிடுங்கள். எச்சில் தட்டையும் பிளாஸ்டிக் பையையும் மட்டும் தண்ணீரில் எறியாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் அங்கே பலருக்குச் சோற்றுப் பானை.