விலை ஏறினால் குடி குறையுமா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



"குடி குடியைக் கெடுக்கும்" என்று கேட்டுக் கேட்டு நம் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்துவிட்டார். அதற்கு மேல் அறிவுரை சொல்ல நான் யார்? நம்ம டிப்ளமோ மூளைக்கு ஏற்ற மாதிரி ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேன். கேள்வி இதுதான்: மதுவின் விலையை ஏற்றினால் குடி குறையுமா? கடையையே மூடிவிட்டால்?

தக்காளியும் உப்பும்

எலாஸ்டிசிட்டி என்றதும் நமக்கு லேபில் கம்பியை இழுத்துப் பார்த்ததுதான் ஞாபகம் வரும். பொருளாதாரத்திலும் எலாஸ்டிசிட்டி உண்டு. விலை ஏறும்போது வாங்கும் அளவு எவ்வளவு குறைகிறது என்பதுதான் அது. தக்காளி விலை ஏறினால் அம்மா புளியைக் கரைத்துச் சமாளித்துவிடுவார். உப்பு விலை ஏறினால் யாரும் உப்பைக் குறைப்பதில்லை.

மது இதில் எந்த வகை? குடிக்கிற ஆளைப் பொறுத்தது! கல்யாணம், பொங்கல் என்று எப்போதாவது குடிப்பவருக்கு அது தக்காளி. விலை ஏறினால் குறைத்துக்கொள்வார். அடிமையாகிவிட்டவருக்கு அது உப்பு. என்ன விலை ஆனாலும் வாங்குவார்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். தினம் ஒரு குவார்ட்டர் 150 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 3,750 ரூபாய். விலை 180 ஆனால் 4,500. கூடுதல் 750 ரூபாய் எங்கிருந்து வரும்? இதற்குப் பதிலை நான் புத்தகத்தில் தேடவில்லை. என் பெரியம்மா சொன்னது: "விலை ஏறினப்போ உங்க பெரியப்பா குடியைக் குறைக்கலடா, நான்தான் பருப்பைக் குறைச்சேன்."

வரியைக் கட்டியவர் பெரியப்பா என்று ரசீது சொல்லும். உண்மையில் கட்டியது அடுப்படி!

வரியும் தடையும்

நம் மாநிலத்தில் இந்தக் கணக்கு பழையது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரி வந்தது. அதாவது மது வருமானத்தை விட்டால் வேறு எங்காவது பணம் தேட வேண்டும் என்ற பிரச்சினை அன்றைக்கே இருந்தது. 1971ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974ல் திரும்பி வந்தது, 1981ல் மறுபடியும் தளர்ந்தது. 1983ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2003-04ல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023-24ல் 45,000 கோடியைத் தாண்டியது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய ஏற்றம்தான்.

சரி, ஒரேயடியாக மூடிவிடலாமே என்பீர்கள். மூடினால் குடிப்பவர் எண்ணிக்கை ஓரளவு குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் 'உப்பு' ஆட்கள் என்ன செய்வார்கள்? குஜராத்தில் 1960லிருந்து மதுவிலக்கு. அங்கே 2022 ஜூலையில் போட்டாட் பகுதியில் விஷச் சாராயத்துக்கு 40 பேருக்கு மேல் பலியானார்கள். பீகாரில் 2016லிருந்து மதுவிலக்கு. அங்கேயும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் பெரும் சாவு.

கடை திறந்திருக்கிற நம் ஊரிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசுக் கடையில் குவார்ட்டர் நூறு ரூபாய்க்கு மேல். பாக்கெட் சாராயம் அதைவிட மலிவு. கூலிக்காரர் எங்கே போவார்?

அந்தப் பாக்கெட்டில் இருந்தது மெத்தனால். பெயிண்ட், ரசாயனத் தொழில்களுக்கான பொருள். குடிக்கும் எத்தனால் மாதிரியேதான் இருக்கும், நாக்கால் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரையே எடுக்கும். கள்ளச் சந்தையில் லேபிள் இல்லை, டெஸ்டிங் இல்லை, கெட்டுப்போனால் புகார் கொடுக்க ஆளும் இல்லை. மலிவாகக் கிடைப்பதைக் கலப்பவனுக்கு லாபம். அவ்வளவுதான் கணக்கு!

மூன்றாவது வழி

ஆக, வரியும் கடைக் குறைப்பும் தக்காளி ஆட்களுக்கு நன்றாக வேலை செய்யும். முக்கியமாக, இன்னும் தொடங்காத நம் வயசுப் பசங்களுக்கு. உலக சுகாதார நிறுவனமும் வரியைச் சிபாரிசு செய்கிறது. ஆனால் அடிமையானவருக்கு இரண்டுமே போதாது. அவருக்குத் தேவை சிகிச்சை.

2019ல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அதில் அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடி. இவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்! மீதி 37 பேருக்கு "மனசு வச்சா விட்டுடலாம்" என்ற பேச்சுதான் கிடைத்திருக்கும்.

என் பெரியப்பாவும் மனசு வைத்தார். ஒரு திங்கட்கிழமை திடீரென்று நிறுத்தினார். கை நடுங்கியது, தூக்கம் போனது, புதன்கிழமை வலிப்பே வந்துவிட்டது. பல வருடம் தினமும் குடித்த உடம்பு, மது நின்றதும் இப்படித்தான் தடுமாறும், உயிருக்கே ஆபத்து என்று அரசு மருத்துவமனை டாக்டர் சொன்னார். வார்டில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள், பிறகு ஆலோசனை. நடுவில் ஒரு தடவை மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தினார். இப்போது மாதா மாதம் மாத்திரை வாங்கப் போகிறார். பெரியம்மா வீட்டுச் சாம்பாரில் பருப்பு தெரிகிறது.

வரி ஏற்றியபோது அந்த வீட்டில் பருப்புதான் குறைந்தது. சிகிச்சை கிடைத்த பிறகுதான் குடி குறைந்தது. அதிகம் குடிப்பவர்தான் அதிகம் மது வரி கட்டுகிறார். அவர் கட்டிய பணத்தில் ஒரு பங்காவது தாலுகா மருத்துவமனை வரைக்கும் ஒரு சிகிச்சை வார்டாகத் திரும்பி வர வேண்டாமா? இதை நான் தருமமாகக் கேட்கவில்லை, பாக்கியாகக் கேட்கிறேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார். வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள், திட்டி விரட்டவும் வேண்டாம். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டாம் என்றாலும் பக்கத்து பெஞ்சுக்கு உதவும்.