மூன்று கோர்ட்டும் ஒரு சங்கராபரணமும்

திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் 1639இல் பிடித்துக்கொண்டார்கள்; போர்த்துக்கேயர் அங்கே ஆண்ட காலம் கொஞ்சம்தான். ஆனாலும் அவர்கள் வழிவந்த பறங்கியர் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய கஃப்ரிஞ்ஞா என்னும் ஆட்ட இசையோடு உறவுள்ள பைலா இலங்கை முழுவதற்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. கிற்றாரைக் கையில் எடுத்தவர் பெரும்பாலான பைலாக்களை மூன்றே கோர்ட்டில் ஒப்பேற்றிவிடுவார்: சி, எஃப், ஜி. விரல் வைக்கும் படத்தைப் பார்த்துத்தான் பலரும் அவற்றைப் பழகுகிறார்கள். ஏன் அந்த மூன்று என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை, சுரவரிசையில் இருக்கிறது.

மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேல் நமக்குச் சங்கராபரணம், 29ஆவது மேளம். கிற்றாரில் ஒரு பிரெட் ஏறினால் அரைச்சுரம். 12 ஏறினால் மேல் ஸ்தாயி. சங்கராபரணத்தில் சுரத்துக்குச் சுரம் இரண்டு பிரெட் தூரம். காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவிலும், நிஷாதத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் நடுவிலும் மட்டும் ஒன்று. மேஜர் கோர்ட்டுக்கும் மைனர் கோர்ட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இரண்டு குறுகலான இடங்களால் வருவதுதான். ஷட்ஜத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் ச, க, ப: முதலில் நாலு பிரெட், பிறகு மூன்று. அது மேஜர். ரிஷபத்தில் தொடங்கினால் ரி, ம, த: முதலில் மூன்று, பிறகு நாலு. அது மைனர். ஏழு சுரத்திலும் இப்படிக் கட்டிப் பார்த்தால் ச, ம, ப மூன்றில் மட்டுமே மேஜர் விழும். ஷட்ஜத்தை சி என்று வைத்தால் அவைதான் சி, எஃப், ஜி. அந்த மூன்று கோர்ட்டுக்குள் ஏழு சுரமும் அடங்கிவிடுகின்றன என்பதால் மெட்டு எங்கே போனாலும் துணைக்கு ஒன்று இருக்கும்.

காதால் பழகிய பழைய வாசிப்பாளர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்த்தார்களா என்று கேட்கலாம். பார்த்திருக்க வேண்டியதில்லை, சுரவரிசை அவர்கள் காதிலேயே இருந்தது. படத்தை மட்டும் நம்பியவருக்குச் சோதனை வருவது, பாடுபவர் “டியிலே எடுங்கோ” என்னும்போது. ச, ம, ப இடம் மாறின, அவ்வளவே என்று அறிந்தவர் டி, ஜி, ஏ என்று போய்விடுவார். (இரண்டாம் பிரெட்டில் கேப்போ மாட்டியும் தப்பலாம், அதுவும் இதே கணக்குத்தான்.)

ராக இசைக்குக் கோர்ட்டே ஒவ்வாது என்பது கனமான ஆட்சேபம். பாதி உண்மை. கமகத்தில் அசையும் சுரத்தின் கீழே அசையாத மூன்று சுரங்களை வைத்தால் உரசத்தான் செய்யும். மோகனத்தில் இருப்பது ஐந்தே சுரம்; ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் ரி, ப, ச என்றெல்லாம் வந்து நிற்கும், அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. தேடிப் பார்த்தால் அந்த ராகத்துக்குள் முழுதாகத் தேறுவது ச, க, பவும் த, ச, கவும் மட்டுமே. ஆனால் இதைச் சொல்லித் தருவதும் சுரவரிசைதானே! கீரவாணியை எடுத்துக்கொள்ளுங்கள். நடபைரவியின் நிஷாதத்தை ஒரு பிரெட் உயர்த்தினால் கீரவாணி. பஞ்சமத்தில் மைனராக இருந்த கோர்ட் அதனாலேயே மேஜராகிறது. மைனர் பாட்டு ஒன்றில் ஷட்ஜத்துக்குத் திரும்புமுன் திடீரென ஒரு மேஜர் கோர்ட் கேட்டால், பெரும்பாலும் அந்த நிஷாதத்தின் வேலைதான்.