மதுர பவனத்து மதுரம்

ஸ்ரீவராகத்திலும் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் குடியிருக்கும் தமிழர்களில் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் அநேகர். தம்பானூரில் பஸ் ஏறினால் வடசேரியில் இறங்கலாம். அதற்கு அருகேதான் ஒழுகினசேரி. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர். அங்கே அவர் கட்டிய வீட்டுக்கு ‘மதுர பவனம்’ என்று பெயர். வீட்டுக்குக் குலதெய்வத்தின் பெயரையோ தகப்பனார் பெயரையோ வைப்பது வழக்கமாயிருந்த காலத்தில், அவர் வைத்தது மனைவி டி.ஏ. மதுரத்தின் பெயரை.

1956 நவம்பர் 1 வரை ஒழுகினசேரி திருவனந்தபுரம் ஆட்சியின் கீழ் இருந்த ஊர். அந்தக் கணக்கில், திருச்சிப் பக்கம் 1918-ல் பிறந்த மதுரம் அம்மையார் திருவிதாங்கூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள். கலைவாணரைப் பற்றி எழுதாத பேனா இல்லை. அவருடைய தர்மத்தைப் பற்றி ஆயிரம் கதைகள் உண்டு. அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டால் ‘கலைவாணருக்கு ஜோடியாக நடித்தவர்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அது போதாது.

இருவரும் சந்தித்தது 1936-ல் வெளிவந்த ‘வசந்தசேனா’ படத்தின்போது. படப்பிடிப்பு புனாவில். அங்கேயே மணம் முடிந்தது. கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு என்ற சங்கதி மதுரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது என்றும், அம்மையார் லேசில் விடவில்லை என்றும் அக்காலத்தை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விடுவாரா? கோபம் நியாயமானது. ஆனாலும் உறவு முறியவில்லை.

திரையில் அவர்கள் செய்த ஹாஸ்யமும் ஏறக்குறைய இந்தச் சங்கதிதான். புருஷன் ஒரு பொய் சொல்வான், அல்லது பெரிய மனுஷத்தனம் காட்டுவான். பெண்டாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பாள். கொட்டகை அதிரும். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘கண்ணகி’ என்று படத்துக்குப் படம் இந்த ஜோடி இருந்தது. பாட்டும் இருவருடைய சொந்தக் குரல்தான். கடைசி வார்த்தை பெரும்பாலும் மதுரத்துக்கே கிடைக்கும். ஆண்பிள்ளை அசடு வழிய, பெண்பிள்ளை ஜெயிக்கிற மாதிரி அந்த நாளில் காட்சி அமைத்ததற்குக் கலைவாணரையும் பாராட்டத்தான் வேண்டும்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட படம். அதே ஆண்டு நவம்பரில் ‘இந்துநேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பர் கடைசியில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் அந்த வருஷமே தள்ளுபடி ஆயிற்று. பிராட்வே திரையில் புருஷனும் பெண்டாட்டியும் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். நிஜத்தில் ஒருவர் சிறையில். இன்னொருவர் வக்கீல் வீட்டு வாசலில்.

அப்போது மதுரத்துக்கு வயது இருபத்தாறு. வீட்டில் வருமானம் நின்றுவிட்டது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த கையில் மிச்சம் என்ன இருக்கும்? வழக்கோ லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அம்மையார் மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணையாகக் கொண்டு, கணவர் பெயரிலேயே நாடக சபையை நடத்தினார். மேடையேறிய ‘பைத்தியக்காரன்’ நாடகத்தைப் படமாகவும் எடுத்தார்கள். கிருஷ்ணன்–பஞ்சு டைரக்ஷன். விதவா விவாகத்தை ஆதரிக்கும் கதை. அதில் மதுரமும் நடித்தார். ஆயுள் தண்டனைக் கைதியின் மனைவி, ஊர் வாய் எப்படியெல்லாம் பேசும் என்று தெரிந்தும், அந்தக் கதையைத் துணிந்து எடுத்தார். அதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி ஹைகோர்ட்டுக்கே திருப்பியது. 1947 ஏப்ரல் 25 அன்று இருவரும் விடுதலை. இரண்டு வருஷம் நான்கு மாதம் கழித்து வீடு திரும்பிய கிருஷ்ணன், ‘பைத்தியக்காரன்’ படத்திலும் வந்து தலைகாட்டினார். அது அந்த ஆண்டே வெளியாயிற்று.

சிறையிலிருந்து வந்தபின் பாகவதருக்குப் பழைய ஒளி திரும்பவில்லை. கிருஷ்ணனுக்குத் திரும்பியது. அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ 1949-ல் வந்தது. 1951-ல் அவரே டைரக்ட் செய்த ‘மணமகள்’ மூலம் நம் பூஜப்புரைப் பெண் பத்மினி கதாநாயகியானார். திரும்பி வருகிறவருக்கு ஒரு சபையும், ஒரு படமும், ஒரு வீடும் நிலையாக இருந்தன. இவையெல்லாம் தாமாக நிற்பவையா?

இனி அவருடைய தாய்மையைப் பற்றி. மதுரம் பெற்ற பெண் குழந்தை சிசுவாகவே இறந்துவிட்டது. பிறகு பிள்ளையில்லை. தம் தங்கை வேம்புவையே கணவருக்கு மணம் செய்வித்தார். இன்றைய பெண்கள் இதை ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் வேண்டியதில்லை. அவர் மனம் அப்போது என்ன பாடுபட்டது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வேம்புவுக்குப் பிள்ளைகள் பிறந்தன. முறைக்குப் பெரியம்மா. ஆனால் 1957 ஆகஸ்ட் 30-ல், ஐம்பது வயதும் நிறையாமல் கலைவாணர் கண்ணை மூடியபோது, கொடுத்துச் சிவந்த அந்தக் கையில் சேமிப்பு என்று சொல்ல அதிகமில்லை. பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் என்ற பாரம் மதுரத்தின் தலையிலும் விழுந்தது. நாற்பது வயது நிறையுமுன் விதவை. வளர்க்க வேண்டியதோ தங்கை பெற்ற பிள்ளைகளை. சிறைக்காலத்தில் கோர்ட்டுக்கு நடந்த அதே பிடிவாதத்தோடு இதையும் சுமந்தார்.

1969 பொங்கலன்று சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையை முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது விழா அதுதான். அதற்குப் பின் ஐந்து வருஷம் இருந்து, 1974-ல் மதுரம் அம்மையார் காலமானார். கலைவாணரின் பேத்தி ரம்யா இன்று சினிமாவில் பின்னணி பாடுகிறார். பெயருக்குப் பின்னால் என்.எஸ்.கே. என்றே போட்டுக்கொள்கிறார். அந்த மூன்றெழுத்து இருபத்தெட்டு மாதம் வால்போஸ்டரில் அழியாமல் இருந்ததற்கு மதுரமே காரணம்.