ஜெர்பிலுக்கு ஏற்ற இல்லம்

உயிர்களைப் பேணி வளர்த்தல் மனத்திற்கு இன்பம் தரும் செயலாகும். ஆயின், ஓர் உயிரைக் கூண்டில் அடைத்து, உணவும் நீரும் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? அதன் இயல்பை அறிந்து, அதற்கு ஏற்ற இருப்பிடத்தை அமைத்துத் தருவதே உண்மையான அன்பாகும். ஜெர்பில் என்னும் சிற்றுயிரைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

ஜெர்பில் எலியைப் போன்ற கொறிக்கும் பிராணியாகும். அது நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் நீண்ட வாலின் நுனியில் மயிர்க்குஞ்சம் இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்பெறும் ஜெர்பிலின் தாயகம் மங்கோலியாவும் வட சீனாவும் ஆகும். 1866ஆம் ஆண்டில் அர்மாண்டு டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் வட சீனாவில் இதனைக் கண்டு, பாரிஸ் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவைத்தார். வறண்ட புல்வெளிகளே இதன் உறைவிடம். அங்குக் கோடையில் வெயில் சுடும். குளிர்காலத்தில் நிலம் உறையும். ஆதலின், ஜெர்பில்கள் மண்ணைத் தோண்டி, நீண்ட வளைகளில் குடும்பமாக வாழ்கின்றன. வளையினுள் உறங்குவதற்கும் தானியம் சேமிப்பதற்கும் தனித்தனி அறைகள் உண்டு.

கூண்டில் அடைபட்ட ஜெர்பில், ஒரு மூலையில் நின்று முன்னங்கால்களால் ஓயாது பறண்டுவதைக் காணலாம். தோண்டுவதற்கு மண் இல்லாமையே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால், வீடன்மாயர் என்னும் ஆய்வாளர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. தோண்டுவதற்கு உலர்ந்த மணலை மட்டும் பெற்ற குட்டிகளிடம் அப்பழக்கம் தோன்றியது. குழாய்ப் பாதை வழியே சென்று தங்கக்கூடிய இருண்ட அறையைப் பெற்ற குட்டிகளிடம் அது தோன்றவில்லை. அவை நாடியது தோண்டும் வேலையை அன்று. ஒளிந்து வாழும் இல்லத்தையே என்பது இதனால் புலனாகிறது.

அத்தகைய இல்லத்தை நாம் எவ்வாறு அமைக்கலாம்? இரண்டு ஜெர்பில்களுக்குச் சுமார் 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. உயரமும் உடைய கண்ணாடி மீன் தொட்டி ஏற்றது. காற்றோட்டத்திற்காக அதன் மேல் கம்பி வலை மூடி இடவேண்டும். தூசியற்ற மரச்சீவல், உலர்ந்த புல், அச்சிடாத காகிதத் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து, குறைந்தது 20 செ.மீ. ஆழத்திற்கு நிரப்பி, கையால் அழுத்தவேண்டும். அப்பொழுதுதான் தோண்டிய வளை சரியாது. அதனுள் ஒரு சிறிய மரப்பெட்டியைப் புதைத்து, அட்டைக் குழாயை வாயிலாக வைத்தால் இருண்ட அறையும் கிடைத்துவிடும். கனமான பொருள்களைத் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி வைக்கவேண்டும். இல்லையேல், வளை சரிந்து ஜெர்பில் நசுங்கக்கூடும். ஓடுசக்கரம் வைத்தால், அது கம்பி இடைவெளியற்றதாக இருத்தல் வேண்டும். ஜெர்பிலின் வால் அகப்பட்டுக்கொண்டால், அதன் தோல் உரிந்துவிடும். அதனாலேயே வாலைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால், அது எதனையும் கொறிக்கும். எனவே, பிளாஸ்டிக் பொருள்களைத் தவிர்த்து, மரக்கட்டைகளையும் அட்டைகளையும் கொடுக்கலாம்.

நம் நாட்டின் காற்று ஈரம் மிக்கது. ஈரத்தால் ஜெர்பிலின் மயிர் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். ஆதலின், தொட்டியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டும். நேர் வெயில் படும் சன்னலோரம் ஆகாது. கண்ணாடித் தொட்டி அடுப்பைப்போல் சூடேறிவிடும். உரோமத்தைத் தூய்மைப்படுத்த, ஒரு கிண்ணத்தில் உலர்ந்த மணல் வைத்தால், அதில் புரண்டு மகிழும். நனைந்த பகுதியை அவ்வப்போது அகற்றவேண்டும். ஆயினும், அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுதல் தகாது. தன் மணம் இல்லாத இடம் அதற்கு அயலாகிவிடும். ஒரே பாலினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் இரண்டை ஒன்றாக வளர்த்தல் நன்று. அறிமுகமற்ற இரண்டைத் திடீரெனச் சேர்த்தால், அவை கொடிய போரில் இறங்கும்.

இவ்வாறு அமைத்தபின், ஜெர்பில் பெரும்பொழுது நம் கண்ணுக்குத் தெரியாமல் வளைக்குள்ளேயே இருக்கக்கூடும். அதற்காக நாம் வருந்துதல் வேண்டா. தொட்டி நாம் பார்த்து மகிழும் காட்சிப்பெட்டி அன்று. அஃது ஓர் உயிரின் வீடு. நாம் விரும்பும் வாழ்வை அதன்மேல் சுமத்தாது, அது விரும்பும் வாழ்வை அதற்கு அளிப்போமாக!